தலைமைத்துவத்துக்குப் புள்ளி போட்ட கதை

ஆய்வு வினாக்கொத்தைத் தூக்கிக்கொண்டு கந்தோர் கந்தோராக ஏறி இறங்கியவர்களுக்குத் தெரியும், ‘ஐந்து நிமிடம்தான்’ என்ற பொய்யில்தான் இந்தத் தொழிலே ஓடுகிறது. எனக்குக் கிடைத்த வேலையோ இன்னும் மோசம். மன்னார்த் தீவில் ஓர் ஆஸ்பத்திரியின் ஊழியர்கள் தலைமைப் பொறுப்புகளை எவ்வளவு பகிர்ந்துகொள்கிறார்கள் என்று ஒன்றிலிருந்து ஐந்துவரை புள்ளி போட்டு அளந்து வரச் சொன்னார்கள். பட்டவர்கள் மேலே படியுங்கள்.

ஒரே பேனா

பெண்கள் வார்டில் ஊழியர் எட்டுப் பேருக்கு எட்டுப் படிவம் கொடுத்தேன். ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்கக்கூடாது என்று படித்துப் படித்துச் சொன்னேன். மறுநாள் எட்டும் வந்தன. ஒரே பேனா, ஒரே கையெழுத்து, எல்லாக் கேள்விக்கும் நான்கு. கோபத்தோடு பொறுப்புத் தாதியிடம் போனேன். அவர் ஊசிமருந்து எண்ணுவதை நிறுத்தாமலே சொன்னார்: “எல்லாரும் இருந்து கதைச்சுத்தான் போட்டனாங்கள் மிஸ். சேர்ந்து முடிவெடுக்கிறதைத்தானே நீங்கள் அளக்கிறீங்கள்?”

எல்லாவற்றுக்கும் ஒன்று

அம்புலன்ஸ் சாரதி காசிம் நானா எல்லாக் கேள்விக்கும் ஒன்று போட்டிருந்தார். “எனக்கென்ன அதிகாரம்? ஓடச் சொன்னா ஓடுவன்” என்றார். அப்போதே தொலைபேசி அடித்தது. ஓலைத்தொடுவாயில் ஒரு கர்ப்பிணிக்கு வலி. குறுகிய மணல் ஒழுங்கைக்குள் வந்தால் வண்டி மணலில் புதையும் என்று, அவரை ஓட்டோவில் சந்திவரை கொண்டுவரச் சொன்னார். பிரசவ அறைக்குத் தொலைபேசி அடித்துக் கட்டிலை ஆயத்தப்படுத்தச் சொன்னார். வழியில் ஏற்றிக்கொள்ள பிரசவம் பார்க்கும் மருத்துவ மாதுவையும் அவரது வீட்டு வாசலில் நிற்கச் சொன்னார். “இரண்டு நிமிடத்தில மூன்று முடிவு எடுத்திட்டீங்களே நானா!” என்றேன். “அது முடிவில்லை மிஸ், வேலை. தள்ளுங்கோ, கதவைச் சாத்தவேணும்.”

மடித்து வைத்த நம்பர்

கிளினிக்கில் நோயாளருக்கு நம்பர் கொடுப்பவர் ஜெசிந்தா அக்கா. தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து திரும்பி வந்தவர், தற்காலிக ஊழியர், நிரந்தரமாக்கும் கடிதத்துக்குக் காத்திருக்கிறார். ‘நீங்களே எடுக்கும் முடிவு ஏதும் உண்டா?’ என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று எழுதியிருந்தார்.

நான் மூன்று நாளாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். முதல் பத்து நம்பர் துண்டுகளை மடித்துப் பைக்குள் வைத்திருந்து, தூரத்துக் கொண்டச்சிப் பக்கத்தவர்கள் பஸ்ஸால் இறங்கியதும் அவர்களுக்குக் கொடுப்பார். மதிய பஸ்ஸை விட்டால் அவர்கள் வீடு போய்ச் சேரப் பொழுது சாய்ந்துவிடும். இதைச் சொன்னதும் அக்காவின் முகம் வெளிறிவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கிட்டக் குடியிருக்கும் யாரோ, தங்களுக்கு முதல் நம்பர் கிடைப்பதில்லை என்று ஏற்கெனவே ஒரு பெட்டிசம் போட்டிருக்கிறார்களாம். பெயர் வெளியே வராது என்று சத்தியம் பண்ணினேன். நெடுநேரம் யோசித்துவிட்டு ‘இல்லை’யை வெட்டி ‘ஓம்’ என்று எழுதினார். “தங்கச்சி, அந்தக் கடிதம் வராட்டி என்ர பிள்ளையளின்ர படிப்பு நிண்டிடும். உங்களை நம்பித்தான் எழுதுறன்.”

பக்கத்துக் கதிரை

அறிக்கையில் பெயர் போடவில்லை. ‘கிளினிக்கில் நம்பர் கொடுக்கும் ஊழியர் ஒருவர் தூரத்து நோயாளருக்கு நம்பர் எடுத்து வைக்கிறார்’ என்றுதான் எழுதினேன். ஆஸ்பத்திரி ஊழியர் கூட்டத்தில் வைத்திய அத்தியட்சகரான டொக்டர் அதை உரக்க வாசித்தபோதுதான் எனக்கு உறைத்தது, அந்த வேலைக்கு அங்கே இருப்பதே ஒரேயொருவர்! “ஜெசிந்தாவைக் கூப்பிடுங்கோ” என்றார் டொக்டர். வாசலில் வந்து நின்ற அக்கா என்னைப் பார்த்த பார்வையில் வெட்கம் பிடுங்கித் தின்றது.

டொக்டர் அந்தப் பெட்டிசத்தை எடுத்து மேசையில் வைத்தார். “பஸ் நேரம் பார்த்து நம்பர் குடுக்கிறது நல்ல வேலை. ஒளிச்சுச் செய்ததுதான் பிழை. திங்கள் தொடக்கம் அதை எழுதிச் சுவரில ஒட்டுவம், ஒருத்தரும் கேள்வி கேக்கமாட்டினம். உங்கட நிரந்தரக் கடிதத்துக்கு நானே சிபாரிசு எழுதி அனுப்புறன். இனிக் கூட்டத்துக்கும் வாங்கோ” என்று உட்காரப் பக்கத்துக் கதிரையைக் காட்டினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு மணிக்கூட்டைப் பார்த்தார். “பிறகு இருக்கிறன் டொக்டர். கொண்டச்சி ஆக்கள் ஆறு பேர் இன்னும் மருந்தெடுக்கேல்லை. அவையளை பஸ் ஏத்திப்போட்டு வாறன்.”

தலைமைத்துவத்துக்குப் புள்ளி போடப் போன எனக்கு விளங்கியது இவ்வளவுதான்: அது உள்ளவர்களுக்கு உட்கார நேரமிருப்பதில்லை, அதனால்தான் படிவத்திலும் அகப்படுவதில்லை.