கடல் செய்யாத அரிப்பு

என் வீட்டுக்காரர் அருள்நாதன் திருச்சியில் ஒரு கல்லூரியின் நிலவியல் துறையில் டெமான்ஸ்ட்ரேட்டர். கல்யாணமான புதிதில், "என்ன ஆராய்ச்சி பண்றீங்க?" என்று கேட்டேன். "கடல் சேறு" என்றார். கடலே இல்லாத திருச்சியில், எடமலைப்பட்டி புதூரில் குடியிருந்துகொண்டு கடல் சேற்றைக் கட்டி அழுகிற மனுஷனுக்கா என்னைக் கொடுத்தார்கள் என்று எங்கள் அப்பா மேல் அப்படியொரு கோபம் வந்தது.

போகப் போகத்தான் புரிந்தது. ஆராய்ச்சிக் கப்பல் ஒன்று நடுக்கடலின் அடியிலிருந்து அள்ளிய சேறு அது. அதற்குள் மணல்போலச் சின்னச் சின்ன ஓடுகள் இருக்கும். எந்தக் காலத்திலோ கடலில் உயிரோடு மிதந்து, செத்து அடியில் படிந்தவை. ஆழம் கூடக் கூடக் கடல் தண்ணீர் அந்தச் சுண்ணாம்பு ஓட்டைக் கரைக்குமாம். எந்த ஆழத்து ஓடு எவ்வளவு அரிபட்டிருக்கிறது என்று இவர் பார்த்துச் சொல்ல வேண்டும். சொன்னால் டாக்டர் பட்டம். பட்டம் வந்தால் லெக்சரர் வேலை. எங்கள் வீட்டில் எல்லாக் கனவும் அந்தச் சேற்றில்தான் கிடந்தது.

ஓட்டின் மேல்தோலைப் பார்க்க எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் வேண்டும். அது மெட்ராஸில் இருந்தது. இவர் நாயாய் அலைந்தார். ஒருமுறை போனால் கரண்ட் கட். இன்னொருமுறை மெஷின் ரிப்பேர். அதுவும் சரியானபோது ஆபரேட்டர் தன் அக்காள் மகள் கல்யாணத்துக்குப் போய்விட்டார். படம் எடுக்கும் முன் ஓட்டின் மேல் தங்கம் பூசுவார்கள் என்று இவர் சொன்னபோது, "செத்த பூச்சிக்குத் தங்கம், எனக்குக் கவரிங்கா?" என்றேன். சிரித்தார். அப்போது சிரிக்கத் தெம்பு இருந்தது.

1979-இல் ஒருவழியாகப் படங்கள் வந்தன. ஓடுகளெல்லாம் குழி குழியாக, விளிம்பு உதிர்ந்து கிடந்தன. இவருக்குக் கால் தரையில் பாவவில்லை. இவருடைய கைடு, பேராசிரியர் ரங்கசாமி, தன் பேரையும் இவர் பேரையும் போட்டு உடனே ஒரு பத்திரிகைக்குக் கட்டுரை அனுப்பிவிட்டார்.

அதற்கப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்ததும், இவர் படங்களை ஆழவாரியாகத் தரையில் பரப்பினார்.

"சகாயம், இங்க வா. இது ஆழம் கம்மியான மேட்டுல எடுத்த ஓடு. இது அடி ஆழத்துல எடுத்தது. வித்தியாசம் தெரியுதா?"

"ரெண்டும் ஒண்ணாத்தாங்க இருக்கு."

"ஒண்ணா இருக்கவே கூடாது. அப்ப அரிச்சது கடல் இல்ல, நான் கழுவின தண்ணிதான்."

எங்கள் பக்கத்துத் தண்ணீர் கடும் உப்பு. காய்ச்சினால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும். அந்த வெள்ளை ஓட்டில் ஒட்டிவிடும் என்று பயந்து, சேறு முழுவதையும் இவர் டிஸ்டில்டு வாட்டரில் ஊறப்போட்டுக் கழுவியிருந்தார். துறையில் அதைக் காய்ச்சி வடிக்கும் கண்ணாடிக் கருவி உடைந்து கிடந்ததால், அரியமங்கலத்துப் பேட்டரிக் கடையில் கேனோடு வாங்கி வந்த தண்ணீர் அது. மறுநாளே இரண்டு பேரும் அங்கே போனோம். கடைக்காரர் வீரமலை ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார்.

"ஆசிட் வந்த கேன்தாங்க சார். அலசிட்டுத்தான் ஊத்துனோம். பேட்டரிக்குத்தான வாங்குனீங்க?"

இவர் கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். சுத்தமாகக் கழுவ வேண்டும் என்று கிடந்த மனுஷனுக்கு இப்படியா வர வேண்டும்?

ஸ்ரீரங்கத்தில் பேராசிரியர் வீட்டுக்குப் போனோம். கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும் என்று இவர் கெஞ்சினார்.

"கடலும் கொஞ்சம் கரைச்சிருக்கலாம் இல்லையா, அருள்நாதன்?"

"இருக்கலாம் சார். எது கடல் தின்னது, எது கேன் தின்னதுன்னு பிரிக்க முடியாதே."

"அப்ப அது தப்புன்னும் உங்களால நிரூபிக்க முடியாது. கழுவாத சேறு மிச்சம் இருக்கா?"

இல்லை. எல்லாவற்றையும் கழுவித் தொலைத்திருந்தார். கப்பல்காரர்களுக்கு எழுதிக் கேட்டார், பதில் இல்லை. கட்டுரை அச்சில் வந்தது. பத்திரிகைக்கு மறுப்பு எழுதினார், கைடு கையெழுத்தும் வேண்டும் என்றார்கள். கைடு போடவில்லை. இவரும் அந்தப் படங்களை வைத்துத் தீசிஸ் கொடுக்க மாட்டேன் என்று நின்றார். "ஊரே வாயை மூடிக்கிட்டிருக்கு, உங்களுக்கு மட்டும் என்னங்க வந்துச்சு?" என்று கத்தினேன். இவரும் மாறவில்லை, வேலையும் மாறவில்லை.

1985-இல் துறைக்குப் புது லெக்சரர் வந்தார். செல்லக்கண்ணு என்று பேர், டாக்டர் பட்டம் வாங்கியவர், இவரைவிடப் பத்து வயது சின்னவர். இவருக்கு வந்திருக்க வேண்டிய வேலை. வந்த வாரமே ஸ்வீட் பாக்கெட்டோடு வீடு தேடி வந்தார்.

"உங்க படத்த ஆதாரமா வச்சுத்தான் சார் என் தீசிஸே எழுதினேன்."

நான் காபி டம்ளரோடு நின்றுவிட்டேன். இவர் அவரை உட்கார வைத்து, கேன் முதல் கைடு வரை எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னார். செல்லக்கண்ணுவின் முகம் வெளுத்துப்போயிற்று.

"இத வேற யார்கிட்டயாவது சொல்லியிருக்கீங்களா சார்?"

"ஆறு வருஷமா எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன்."

"எல்லார்கிட்டயும் சொல்லியும் ஒண்ணும் ஆகலியே, அப்ப பயமில்ல சார்" என்று செல்லக்கண்ணு மூச்சு விட்டார். பிறகு என் கையிலிருந்த காபியை வாங்கிக்கொண்டார்.