பந்துக்கும் அவளுக்கும் நடுவில்

போன வாரம் தி. நகரில் நல்ல கூட்டம். துணிப்பையை வலது இடுப்போரம் அணைத்து, இடது முழங்கையை முன்னால் மடக்கி, கொஞ்சம் குனிந்தபடி நான் முன்னேறியதைப் பார்த்து என் மகள் தலையில் அடித்துக்கொண்டாள். “அம்மா, எல்லாரும் பாக்கறாங்க. கைய இறக்கு!” இறக்கினேன். இரண்டு நிமிஷத்தில் அது தானாக எழுந்துவிட்டது. ஜெசிந்தா பழக்கிய கை அது.

கோபாலபுரத்தில் ஒன்பதாம் வகுப்பு படித்தபோது நானும் ஜெசிந்தாவும் கூடைப்பந்து ஆடினோம். நான் மந்தைவெளியிலிருந்து பஸ்ஸில் வருவேன். அவளுக்குப் பட்டினப்பாக்கம், அம்மா மீன் விற்றார். பந்தைத் தட்டிக்கொண்டு நான் நாலடி போவதற்குள் ஜெசிந்தா பறித்துவிடுவாள். என் கை மட்டும் கொஞ்ச நேரம் காற்றைத் தட்டிக்கொண்டிருக்கும்.

ஒருநாள் அவளுக்கே அலுத்துப்போயிற்று. “இன்னாடி, பந்தயே பாத்துக்கினு கீற? என்னப் பாரு. உன் ஒடம்ப நடுவுல வை. பந்து அந்தாண்ட இருக்கட்டும்.”

தினமும் பள்ளி விட்டதும் அரைமணி நேரம் பழகினோம். பந்து முட்டிக்கு மேல் எழும்பக் கூடாது. அவள் வலப்பக்கம் பாய்ந்தால் அது என் மறு கைக்கு மாறிவிட வேண்டும். நெருங்கி வந்தால் முதுகைக் காட்டிச் சட்டென்று சுழல வேண்டும். நான் சுழன்றால் பந்து ஒரு திசை, நான் ஒரு திசை. வீட்டுக்குப் போனால் கையெல்லாம் ரப்பர் வாசனை. “நன்னா அலம்பிண்டு வா, சாதத்துல பந்து வாசனை அடிக்கறது” என்பாள் அம்மா. எனக்கென்னவோ அது பிடித்திருந்தது. சோப்பை ஒப்புக்குத்தான் தொடுவேன்.

பள்ளி அணியில் ஒரே ஓர் இடம் மிச்சமிருந்தது. கேட்டு நின்றது நாங்கள் இருவர். ஆளுக்கு மூன்று முறை பந்தைக் கொண்டுபோக வேண்டும், மற்றவள் தடுக்க வேண்டும் என்றார் விளையாட்டு டீச்சர். ஜெசிந்தா இரண்டு முறை என்னைத் தாண்டினாள். மூன்றாவதில் பந்து அவள் காலிலேயே பட்டு ஓடிவிட்டது. என் முறை வந்தது. இரண்டு தடவை எப்படியோ தாண்டினேன். மூன்றாவதில் அவள் மூச்சு என் தோளில் பட்டது. முதுகைத் திருப்பிச் சுழன்றேன். பந்து என்னோடு வந்தது.

பஸ் ஸ்டாப்பில் கேட்டேன்: “விட்டுக் குடுத்தியா?”

“போடி லூசு. புடுங்கத்தான் பாத்தேன். கெடைக்கல.” கண் கலங்கியிருந்தது. என் பஸ்ஸில் ஏறாமல் அடுத்ததற்கு நின்றாள்.

ஒரு வாரம் அவள் திடல் பக்கமே வரவில்லை. எட்டாம் நாள் வந்து, “எடது கை இன்னும் சரியில்ல உனுக்கு” என்றாள். அவ்வளவுதான் சமாதானம்.

பள்ளி முடிந்ததும் அவர்கள் குடும்பம் பாலவாக்கம் பக்கம் போனது. ஒருமுறை தேடிப் போனேன், அங்கிருந்தும் போய்விட்டார்களாம். திடல் இருந்த இடத்தில் இப்போது மூன்று மாடி வகுப்பறை. அணியின் புகைப்படம் மட்டும் என்னிடம் இருக்கிறது. அதில் பத்துப் பேரும் காமிராவை விட்டுவிட்டு ஓரமாக எங்கோ பார்த்துச் சிரிக்கிறோம். அந்த ஓரத்தில், படத்துக்கு வெளியே, எங்கள் பத்துப் பேர் பைகளையும் சுமந்துகொண்டு ஜெசிந்தா நின்றிருந்தாள்.