கறுப்புப் பெட்டியும் மறதிச் சீடியும்

நீர்தான் கொண்டுபோனீர். பெயர் தெரியாது, ஊர் தெரியாது, ஆனால் கொண்டுபோனது நீர்தான். சம்பூர் செல்வராணி அக்காவின் கறுப்புப் பெட்டி, வயரால் கம்ப்யூட்டரில் மாட்டுகிற அந்தச் சின்ன ஹார்ட்டிஸ்க், உம்முடைய வீட்டில் ஏதோ ஒரு மேசையிலோ அலுமாரியிலோ கிடக்கிறது. ஒன்றில் நீர் அதை இன்னும் திறந்து பார்க்கவில்லை, அல்லது பார்த்துவிட்டும் வாயைப் பொத்திக்கொண்டு இருக்கிறீர்.

மற்றவர்களுக்கு விளங்கச் சொல்கிறேன். செத்த கம்ப்யூட்டரைக் கொஞ்சக் காலத்துக்கு நடக்க வைப்பதுதான் என் தொழில். என்னைப்போல ஸ்க்ரூட்ரைவரும் வசவுமாகக் காலம் தள்ளுகிறவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. நான் எந்த வகுப்பிலும் படித்தவனில்லை. துறைமுகத்தில் கப்பல்களிலிருந்து கழித்துவிடுகிற கம்ப்யூட்டர்களைக் கிலோக் கணக்கில் வாங்கி, கழற்றி, கரண்ட் அடிவாங்கிப் பழகினவன். அப்படிப் பழகின வித்தைதான் இந்தச் சீடி. அதைப் போட்டுக் கம்ப்யூட்டரை ஆன் பண்ணினால், உள்ளே இருக்கிற ஹார்ட்டிஸ்கைத் தொடாமல் சீடியிலிருந்தே முழுக் கம்ப்யூட்டரும் எழும்பும். ஆளுக்கு என்ன வேலையோ அதை மட்டும் வைத்துச் செய்து கொடுப்பேன். நிறுத்தினால் எல்லாவற்றையும் மறந்துவிடும். அடுத்த முறை பிறந்த குழந்தை மாதிரி முதலிலிருந்து தொடங்கும். இப்போது பென்டிரைவிலும் போட்டுக் கொடுக்கிறேன், ஆனால் வருகிறவர்கள் ‘அந்தச் சீடி’ என்றுதான் கேட்பார்கள்.

பாட்டுச் சீடி

கரையோரத்துக் கிறிஸ்தவக் கோயில் ஒன்றின் பாடகர் குழுவுக்கு ஒரு சீடி செய்தேன். பழைய கம்ப்யூட்டரில் போட்டால் புரொஜெக்டர் வழியாகச் சுவரில் பாட்டு வரிகள் மட்டும் வரும், வேறொன்றும் வராது. குழுவை நடத்துகிற ரீச்சர் சனிக்கிழமை முழுக்க இருந்து, நான் விட்ட எழுத்துப் பிழைகளை ஒவ்வொன்றாகத் திருத்திச் சேமித்துவிட்டு நிறுத்தியிருக்கிறார். ஞாயிறு பூசையில் பழைய பிழைகள் அத்தனையும் ஆளுயரத்துக்குச் சுவரில் நின்றனவாம். சனம் எதைப் பார்த்துப் பாடுவது, எதை விடுவது என்று தெரியாமல் ஆளுக்கொரு வரி பாடியிருக்கிறார்கள்.

சீடியில் ஒன்றும் எழுதேலாது, திருத்துவதென்றால் என்னிடம் கொண்டுவர வேண்டும் என்று நான் சொல்லித்தான் கொடுத்தேன் என்று சண்டை பிடித்தேன். சொல்லவில்லை என்பது எனக்கே தெரியும். ரீச்சர் கதிரையில் இருந்து, குரலை உயர்த்தாமல் சொன்னார்: “எங்கட பாவத்தை ஆண்டவர் மறப்பார் எண்டு தெரியும், தம்பி. எங்கட திருத்தத்தை உங்கட சீடி மறக்கும் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை.”

ஒரு திறப்பு

கிண்ணியாவில் டியூஷன் வகுப்பு நடத்துகிற மாஸ்டர் ஒருவர். ஐந்து கம்ப்யூட்டர், பிள்ளைகள் கேம் ஏற்றாமல் இருக்க ஐந்து சீடி வேண்டும். நான் ஒரு விலை சொன்னேன், அவர் ஒன்று சொன்னார். ஒரு மணித்தியாலம் கதைத்தோம். கடைசியில் அவர் ஒரேயொரு சீடியை வாங்கிக்கொண்டு எழும்பிப் போனார். போகும்போது அவர் முகத்தில் இருந்த சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

மூன்றாம் நாள் போன் வந்தது. ஆள் என்ன செய்தாரென்றால், முதல் கம்ப்யூட்டரில் சீடியைப் போட்டு எழுப்பியிருக்கிறார். ஓடிக்கொண்டிருக்கும்போது சீடி வெளியே வராது. ஒரு ஊக்கை நிமிர்த்தி அந்தச் சின்ன ஓட்டைக்குள் குத்தி இழுத்தெடுத்து, இரண்டாவதில் போட்டு, அதையும் குத்தி எடுத்து மூன்றாவதில் போட்டு, இப்படி ஐந்தையும் எழுப்பிவிட்டார். பிள்ளைகள் கைதட்டியிருக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு கம்ப்யூட்டரும் சீடியில் எதையோ தேடிப் போய், அது இல்லாமல், அப்படியே உறைந்துவிட்டது. நான் போனில் சத்தம் போட்டு முடியும்வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, அண்ணனைக் காக்கா என்கிற தங்கள் ஊர் வழக்கில் சொன்னார்: “ஒரு திறப்பால அஞ்சு அறையையும் திறந்து விட்டுட்டன், காக்கா. உள்ளுக்குப் போனவங்கதான் இப்ப பூட்டுப்பட்டுக் கிடக்கிறாங்க.”

தடயமில்லாத வேலை

துறைமுகப் பக்கத்தில் ஒரு கந்தோரின் கிளார்க், தான் வேலை நேரத்தில் என்ன பார்க்கிறான் என்று முதலாளிக்குத் தெரியாமலிருக்க ஒரு சீடி செய்வித்தான். அடுத்த கிழமை அதே முதலாளி வந்து, தான் என்ன பார்க்கிறார் என்று கந்தோருக்குத் தெரியாமலிருக்க அதே சீடியைக் கேட்டார். இருவருக்கும் ஒரே விலைதான் சொன்னேன். என் சீடி ஒரு தடயமும் வைக்காது, என் கடையின் கம்ப்யூட்டரும் அதே சீடியில்தான் ஓடுகிறது, ஒருவருடைய சாமானும் இங்கே நிற்காது என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். முதலாளி குனிந்து காதுக்குள் சொன்னார்: “என்ர கிளார்க் நல்ல பெடியன். அவனுக்கு இப்பிடி ஒண்டு இருக்குது எண்டு தெரியவே கூடாது.”

சம்பூர் அக்கா

செல்வராணி அக்கா ஒரு பிளாஸ்டிக் பையில் ஒரு ஹார்ட்டிஸ்கைக் கொண்டுவந்தார். வெறும் ஹார்ட்டிஸ்க், கம்ப்யூட்டர் இல்லை. அவருடைய கணவர் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்தவர். வீட்டுக் காணியின் பெர்மிட்டையும் நில அளவைப் படத்தையும் கந்தோரில் ஸ்கேன் பண்ணி வீட்டுக் கம்ப்யூட்டரில் வைத்திருந்திருக்கிறார். இரண்டாயிரத்து ஆறில் சண்டைக்குள் ஊரே ஓடினபோது, கம்ப்யூட்டரைத் தூக்கேலாது என்று அதற்குள்ளிருந்து இதை மட்டும் கழற்றிக்கொண்டு ஓடியிருக்கிறார். கடதாசிகள் வீட்டோடு போயின. பிறகு முகாமில் அவரும் போய்விட்டார். ஹார்ட்டிஸ்க் ஒரு பால்மா டின்னுக்குள் ஊர் ஊராகத் திரிந்தது.

இப்போது காணியில் பாதியை வேறொருவர் தன்னுடையதென்கிறார். அடுத்த மாதம் விசாரணை. பழைய கோப்பு இல்லை, உங்களிடம் இருக்கிற பிரதியைக் கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிட்டார்களாம்.

கரண்ட் கொடுத்தால் அந்த ஹார்ட்டிஸ்க் ‘டிக் டிக்’ என்று தட்டியது. உயிர் தொண்டையில் நிற்கிறது என்று அர்த்தம். இதற்கென்றே என்னிடம் ஒரு மீட்புச் சீடி இருக்கிறது, வருஷக் கணக்காகத் திருத்தித் திருத்தி நானே செய்தது. பழைய தட்டை வதைக்காமல் துண்டு துண்டாக வாசித்துப் புதுக் கறுப்புப் பெட்டியில் சேர்க்கும். அரை மணித்தியாலம் வாசிப்பு, பிறகு ஃபேனுக்குக் கீழே ஓய்வு. பதினொரு நாள். கடைசித் துண்டை எடுத்த கையோடு ஹார்ட்டிஸ்க் சுற்றுவதை நிறுத்தியது, பிறகு எழும்பவே இல்லை.

அக்காவைக் கூப்பிட்டுத் திரையில் காட்டினேன். பெர்மிட், அளவைப் படம், வீட்டு வாசலில் சைக்கிளோடு கணவர் நிற்கிற ஒரு போட்டோ. அவர் அழவில்லை. படத்தில் கிணற்றைத் தேடிப் பிடித்து அதில் விரலை வைத்தார். அன்றைக்குப் போயா, பௌர்ணமி விடுமுறை, பிரிண்ட் எடுக்கிற கடை பூட்டு. நாளைக்கு எடுத்து வைக்கிறேன், பெட்டியையும் அப்போது கொண்டுபோங்கள் என்றேன். “அதுவரைக்கும் உங்கட கம்ப்யூட்டரிலயும் ஒண்டு போட்டு வைப்பீங்களோ, தம்பி?” என்று கேட்டார். என் கம்ப்யூட்டரில் ஒருவருடைய சாமானும் நிற்காது அக்கா, அதுதான் என் கடையின் மதிப்பு என்றேன். கைபேசியால் ஒரு படம் பிடித்திருந்தாலும் போதும். பிடிக்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று எழும்பினவர் வாசலில் நின்று சொன்னார்: “உங்களிட்ட இருந்தா எனக்குப் பயமில்லை.”

இரண்டு பெட்டி

அன்று பின்னேரம் நீர் வந்தீர். உம்முடைய பெட்டியில் வைரஸ் எடுத்து வைத்திருந்தேன். அதுவும் நான் விற்கிற அதே கறுப்புப் பெட்டி. இரண்டும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. பெயர் ஒட்டுகிற பழக்கமோ பில் எழுதுகிற பழக்கமோ எனக்கில்லை. பில் எழுதினால் விலை உறைந்துவிடும், பிறகு பேரம் பேசேலாது.

நீர் பாதி விலை சொன்னீர். நான் கத்தினேன். நீர் இன்னும் ஐம்பது ரூபாய் குறைத்தீர். கோபம் வந்தால் எனக்கு முன்னால் நிற்கிற ஆளின் முகம் தெரியாது. சரி, கொண்டுபோய்த் தொலையும் என்று ஒரு பெட்டியை எடுத்து உம்முடைய கையில் குத்தினேன். எடுத்துக் கொடுத்தது நான்தான், அதை மறைக்கவில்லை. ஆனால் உம்முடையதா என்று நீரும் பார்க்கவில்லை. மோட்டார் சைக்கிளில் ஏறும்போது நீர் சொன்னது மட்டும் அப்படியே நினைவிருக்கிறது: “சத்தம் போடுற கடையிலதான் விலை குறையும்.”

கல்யாண வீடு

அடுத்த நாள் பிரிண்ட் எடுக்கப் பெட்டியை மாட்டினேன். வந்தது ஒரு கல்யாண வீடியோ. மூன்று மணித்தியாலம். மூன்று தரம் முழுதாகப் பார்த்துவிட்டேன். மாப்பிள்ளை பொம்பிளையின் பெயர் எழுதின பலகையைக் கேமராக்காரன் ஒருதரமும் முழுசாகக் காட்டவில்லை. கடைக்கு வருகிற எல்லோருக்கும் போட்டுக் காட்டுகிறேன், யாரையாவது தெரியுமா என்று. சல்லி என்கிற ஊரிலிருந்து ரேடியோ திருத்த வந்த ஒருவர் பந்தியில் சோறு பரிமாறுகிற ஆளைக் கண்டு துள்ளினார். நானும் துள்ளினேன். “இவரை எனக்கு நல்லாத் தெரியும், அண்ணை,” என்றார். “போன வருஷம் கனடாவுக்குப் போயிட்டார்.”

பதில்

செல்வராணி அக்காவுக்கு ஒரு கிழமை பொய் சொன்னேன். பிரிண்ட் கடையில் மை இல்லை என்றேன், மெஷின் உடைந்துவிட்டது என்றேன். ஒவ்வொரு தரமும் ஓம் தம்பி, ஓம் தம்பி என்று திரும்பிப் போனார். எட்டாம் நாள் உண்மையைச் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தேன். திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டி, கொஞ்சம் மூச்சு விட்டிருப்பேன். அவர் செத்த ஹார்ட்டிஸ்கை மேசையிலிருந்து எடுத்து, பழையபடி பிளாஸ்டிக் பையில் சுற்றினார். அது இனி ஒன்றுக்கும் உதவாது அக்கா என்றேன். சுற்றி முடித்துவிட்டுத்தான் கதைத்தார்: “அவர் ஓடேக்க என்ர நகையை விட்டுட்டு இதைத்தான் எடுத்தவர். நீங்க என்னத்துக்காக இதை விட்டனீங்கள், தம்பி?”

உமக்கு

ஒன்று சொல்ல வேண்டும், இதைக் கவனமாக வாசியும். அந்தப் பெட்டியை என் சீடி தனக்குப் பழக்கமான முறையில் எழுதியிருக்கிறது. உம்முடைய வீட்டுக் கம்ப்யூட்டருக்கு அந்த முறை தெரியாது. மாட்டினவுடன், இதற்குள் ஒன்றுமில்லை, துடைத்துவிட்டுப் புதிதாகப் பாவிக்கவா என்று கேட்கும். உள்ளே ஒரு வீடும் கிணறும் மனிதரும் இருக்கிறார்கள். ‘ஓம்’ என்பதை அமத்தாதீர். ஏற்கனவே அமத்தியிருந்தாலும் அதற்குமேல் ஒன்றும் ஏற்றாமல் கொண்டுவாரும், சுரண்டியாவது எடுத்துப் பார்க்கிறேன். விசாரணைக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது.

ஒரு பொருளையும் ஒருவருக்கும் கேட்ட விலைக்குக் கொடுத்தறியாத நான், இந்த ஒன்றுக்கு மட்டும் நீர் சொல்கிற விலைக்குத் தலையாட்டி, உம்முடைய கல்யாண வீட்டையும் சும்மா திருப்பித் தருகிறேன், செல்வராணி அக்காவின் காணியைக் கொண்டுவந்து கொடும்.