வாப்பாவின் காதுக்கு வந்த மருந்துகள்

உப்பு விளையும் ஊரில் உப்பில்லாமல் சமைத்த வீடு எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும். வாப்பா புத்தளத்து உப்பளம் ஒன்றில் களப்பிலிருந்து உப்புத் தண்ணீரை இறைக்கும் எஞ்சினை ஓட்டுகிறவர். வருசக்கணக்காக அதன் பக்கத்திலேயே நின்றதில் அவருடைய காதுகளுக்குள் ஓர் இரைச்சல் குடியேறிவிட்டது. எஞ்சினை நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்தாலும் அது கூடவே வந்தது. சண்டை முடிந்து சில வருசமே ஆகியிருந்ததால், விசாரிக்க வந்தவர்கள் எல்லாம் ஷெல் சத்தத்தாலா என்றுதான் முதலில் கேட்பார்கள். தண்ணீர் இறைக்கும் எஞ்சின் என்று சொன்னதும் அவர்கள் முகம் சப்பென்று ஆகிவிடும்.

ஆஸ்பத்திரியில் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, இதற்கு மருந்தில்லை, பழகிக்கொள்ள வேண்டியதுதான் என்று அனுப்பிவிட்டார்கள். அந்த டொக்டரிடம் மருந்தில்லை என்று உம்மா அதற்கு அர்த்தம் எடுத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து, மருந்து சொல்லாமல் திரும்பிப் போனவர் எவருமில்லை. ஒருவர் வெள்ளைப்பூண்டைத் தேங்காயெண்ணெயில் காய்ச்சி விடச் சொன்னார். இன்னொருவர் எருக்கிலையை வாட்டிப் பிழியச் சொன்னார். மீன்காரர் உப்பை நிறுத்தச் சொன்னார், மதுரங்குளிக் கடைக்காரர் தேத்தண்ணியை நிறுத்தச் சொன்னார். கருஞ்சீரகத்தைச் சொல்லாத ஆளே இல்லை. உம்மா எல்லாவற்றையும் செய்தாள். பகலில் தையல் மெஷின், அதற்கிடையில் வாப்பாவுக்கு உப்பில்லாமல் ஒரு சட்டி, எங்களுக்கு ஒரு சட்டி, படுக்கப் போகுமுன் எண்ணெய் காய்ச்சுகிற வேலை. நோன்பு மாதத்தில், பகலில் காதுக்கு மருந்து விட்டால் நோன்பு முறிந்துவிடும் என்று, விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு எழும்புகிற அரைத் தூக்கத்திலும் எண்ணெய்க் கரண்டியோடு நிற்பாள். வாப்பாவைத் தூங்கவிடாமல் இரைச்சல் இருந்தது. உம்மாவைத் தூங்கவிடாமல் வாப்பா இருந்தார். வீடே அலுத்துக் கிடந்தது. ஒருநாள் தைத்துக்கொண்டிருந்தபடியே உம்மா கண்ணயர்ந்துவிட, ஊசி அவள் விரலில் நகத்தோடு ஏறிவிட்டது.

அந்த வாரம்தான் கட்டாரில் வேலைசெய்த என் மாமா, உம்மாவின் தம்பி, ஒரு போத்தல் குளிசை அனுப்பியிருந்தார். சீனாவில் வளரும் ஏதோ மரத்து இலையின் சாறாம். மூளைக்கும் காதுக்கும் இரத்தத்தை ஓடவைக்குமாம். வாப்பா, துணி சுற்றிய உம்மாவின் விரலைப் பார்த்தபடியே முதல் குளிசையை விழுங்கினார். சில நாட்கள் போனபின், சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தவர் நிமிர்ந்து, “இரைச்சல் நிண்டுட்டு” என்றார்.

உம்மா அழுதேவிட்டாள். மறுநாளிலிருந்து ஒரே சட்டி, அதில் உப்பும் இருந்தது. எனக்கு மாமாவை நினைத்துத் தலைகால் புரியாத பெருமை. பள்ளிக்கூடத்தில் காது வலித்த பிள்ளைகளுக்கெல்லாம் கட்டார் மருந்தைச் சிபாரிசு செய்தேன். உம்மா பெரியவர்களுக்குச் சொன்னாள்.

கதை கனமூலை வரைக்கும் போயிற்று. அங்கேயிருந்து ஒரு பெரியவர் பஸ்ஸேறி வந்து சேர்ந்தார். தோட்டம் செய்கிறவர், எங்களுக்கு முன்பின் தெரியாதவர். கதிரையின் நுனியில் உட்கார்ந்துகொண்டு வாப்பாவின் காதையே பார்த்தார்.

“ராவெல்லாம் சில்வண்டு கத்துற மாதிரி தம்பி. நெஞ்சு வருத்தத்துக்கும் கிளினிக்ல குளிசை எடுக்கிறன், அது பரவாயில்ல. இதுதான் ஆளைக் கொல்லுது. உங்களுக்கு மெய்யாவே நிண்டுட்டா?”

வாப்பா வாயைத் திறக்குமுன் உம்மா, அவரை அண்ணன் முறை வைத்து அழைத்து, முந்திக்கொண்டாள். “ஒரேயடியா நிண்டுட்டு நானா. எங்கட தம்பி அனுப்பின மருந்து.”

வாப்பா உம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, “ஓம்” என்றார். உம்மா போத்தலைக் கவிழ்த்து, ஒரு கை கொள்ளக்கூடிய குளிசைகளைத் தாளில் மடித்துப் பெரியவரிடம் கொடுத்தாள். அவர் அதைச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

வாப்பா அவரை பஸ் ஏற்றிவிடப் போனார். நானும் பின்னால் ஒட்டிக்கொண்டேன். வீடு மறைந்ததும் வாப்பா நின்றார். நான் நிற்பது அவர் நினைவில் இல்லை.

“நானா, அந்தக் குளிசையத் தாங்க. நெஞ்சுக்கு மருந்து எடுக்கிற ஆள் நீங்க, டொக்டரிட்டக் கேக்காம இதத் தொடாதீங்க. எனக்கு நிக்கல்ல. இப்பவும் கேட்டுட்டுத்தான் இருக்கு. காத்தாடியப் போட்டு அதுக்குக் கிட்டப் படுங்க, சத்தத்துக்குச் சத்தம், கொஞ்சம் அமுங்கும். எங்கட ஊட்டு ஆளுக்கு மட்டும் தெரிய வாணாம்.”

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. வாப்பாவுக்குக் குணமானது ஊருக்கே தெரியும். குளிசையைத் திருப்பி வாங்குவதற்காக ஒரு நோயாளியிடம் இப்படிப் பச்சைப் பொய் சொல்லலாமா? அதுவும் மருந்தைப் பறித்துக்கொண்டு காற்றாடியைச் சொல்லி அனுப்புகிறார்! இன்னும் விசித்திரம், அந்தப் பெரியவர் கோபிக்கவே இல்லை. மடிப்பைக் கொடுத்துவிட்டு வாப்பாவின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

“அப்ப நான் தனிய இல்ல” என்றார். பஸ் வரும்வரைக்கும் கையை விடவில்லை.

வாப்பா மடிப்பை இடுப்பில் கட்டியிருந்த சாரத்தின் மடியில் செருகிக்கொண்டார். உம்மாவிடம் ஒன்றுவிடாமல் சொல்லிவிடுவது என்ற தீர்மானத்தோடு நான் முன்னால் ஓடினேன். உம்மா பாயில் கிடந்தாள். பகலில் அவள் படுத்து நான் பார்த்ததில்லை. வாய் லேசாகத் திறந்திருக்க, ஆறிப்போன விரலைக் கன்னத்துக்குக் கீழே வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். பின்னால் வந்த வாப்பா உதட்டில் விரலை வைத்து என்னை அடக்கினார்.

பிறகு மேசைக் காற்றாடியைத் தரையில் இறக்கி, காற்று முழுவதும் உம்மாவுக்குப் போகும்படி திருப்பிவைத்தார். அதன் முதுகுப்பக்கமாக, காற்றே வராத இடத்தில், காதை அதோடு ஒட்டினாற்போல் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அவர் கழுத்தெல்லாம் வியர்த்து வழிந்தது. அந்த வெக்கையில் அவர் ஏன் போய் அங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை.