நாலு மணிக்குத் தரை தயார்

அந்த டென்னிஸ் கிளப்பின் கூடத்தில் பெரிய பெயர்ப் பலகை ஒன்று உண்டு. பெண்கள் போட்டியில் ஜெயித்தவர்கள் எல்லாரும் வருஷவாரியாகத் தங்க எழுத்தில் மின்னுவார்கள். மண்ணக்கா அதை அண்ணாந்துகூடப் பார்த்ததில்லை. இருபத்திரண்டு வருஷமாகச் செம்மண் கோர்ட்டைப் பராமரிக்கிறவள் அவள். சாம்பியன்களின் லட்சணம் அவளுக்குத் தரையிலேயே தெரியும். ஒருத்தி சர்வீஸ் போடுவதற்கு முன்னால் கோழி மாதிரி காலால் கிளறுவாள். இன்னொருத்தி பாயிண்ட் போனால் மட்டையால் தரையைக் கொத்துவாள். அவள் கோப்பையோடு ஊர் போய்ச் சேர்ந்த பிறகும் மண்ணக்கா ஒரு வாரம் திட்டிக்கொண்டே குழி அடைத்தாள். எல்லாரிலும் ஒசத்தி, மூன்று தடவை ஜெயித்த ஒருத்தி. எட்டாத பந்துக்கு ஓடிவந்து, இடது காலை நீட்டி, இரண்டு முழத்துக்கு வழுக்கிக்கொண்டே போய் அடிப்பாள். அவளுக்கு மண்ணக்கா வைத்த பெயர் ‘சறுக்கு’. அந்தத் தடத்தை அழிக்கும்போது மட்டும் மண்ணக்கா யாரையும் திட்டமாட்டாள்.

இந்த வருஷம் ஃபைனல்ஸ் அன்று விடிகாலையிலேயே மழை பிடித்துக்கொண்டது. பதினோரு மணிக்கு விட்டபோது கோர்ட் குளமாகக் கிடந்தது. ஆட்டமோ நாலு மணிக்கு.

“பக்கத்து கிளப்ல சிமெண்ட் கோர்ட் காலியா இருக்கு. அங்க மாத்திடலாம்,” என்றார் செக்ரட்டரி. போன வருஷத்திலிருந்தே அவருக்குச் சிமெண்ட் மேல் ஒரு கண். இன்றைக்கு ஆட்டம் அங்கே போனால், அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் செம்மண்ணை வாரிக் கொட்டிவிட்டு இங்கேயும் சிமெண்ட் பூசிவிடுவார்கள். மண்ணக்காவுக்கு அது நன்றாகவே தெரியும்.

“நாலு மணிக்குத் தரை தயார் சார். மூணு மணிக்கு நடுவரைக் கூட்டிட்டு வாங்க. அதுவரைக்கும் ஒருத்தரும் கால் வைக்கக் கூடாது. தொடப்பமும் வேணாம், மண்ணு பேந்துக்கிட்டு வந்துடும்.”

“மூணு மணி. அதைத் தாண்டினா சிமெண்ட்தான்.”

மரப்பலகை போட்டு அதன்மேல் மண்டியிட்டு, ஸ்பாஞ்சால் தண்ணீரை ஒற்றி ஒற்றி வாளியில் பிழிந்தாள், குழந்தைக்குத் தலை துவட்டுகிற மாதிரி. ஒன்றரை மணிக்கு மிச்சமிருந்தது கைக்குட்டை அளவுத் தேங்கல் மட்டும்தான். மேலே தூவக் காய்ந்த மண் எடுத்துவர ஷெட்டுக்குப் போனாள்.

திரும்பி வந்தால், கோர்ட்டுக்குள் செக்ரட்டரி! கையில் துடைப்பம், காலில் பளபளவென்று பாலீஷ் போட்ட ஷூ. அந்தத் தேங்கலைப் பார்த்து அவருக்கு மனசு பொறுக்கவில்லையாம். கோர்ட்டின் கடைசிக் கோட்டிலிருந்து அவர் நடந்து வந்த வழியில் வரிசையாக ஒன்பது பள்ளம், ஒவ்வொன்றும் கிண்ணம் கிண்ணமாக.

வாய்வரை வந்த திட்டை மண்ணக்கா விழுங்கினாள். “சார், அப்படியே நில்லுங்க.”

“ஏன், பாம்பா?”

“அசையாதீங்க. இன்னொரு அடி வச்சா இன்னொரு பள்ளம். பலகை கொண்டாறேன்.”

பலகை கொண்டுவர அவளுக்குக் கால் மணி நேரம் பிடித்தது. இரண்டு நிமிஷ வேலைதான் என்று சொல்கிறவர்களும் உண்டு. அதற்குள், பரிசு கொடுக்க அழைத்திருந்த விருந்தாளி வேலியோரம் வந்து நின்றாள். சறுக்குதான். நாற்பதைத் தாண்டி, கண்ணாடியெல்லாம் போட்டிருந்தாள்.

“என்ன சார், ஃபைனல்ஸ்ல நீங்கதானா? எதிராளி எங்க?”

செக்ரட்டரி துடைப்பத்தை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்.

அவரைப் பலகைமேல் நடத்தி வெளியேற்றிவிட்டு, மண்ணக்கா ஒவ்வொரு பள்ளத்தையும் கீறி, மண் வைத்து, கைமுட்டியால் இடித்து, காய்ந்த மண் தூவி, ரோலர் ஓட்டினாள். மூன்று மணிக்கு நடுவர் வந்து பத்து இடத்தில் பந்தைப் போட்டுப் பார்த்தார். நன்றாகவே எழும்பியது. கடைசிக் கோட்டுப் பக்கம் வந்ததும் உதட்டைப் பிதுக்கினார்.

“ஒட்டுப் போட்ட இடம். ஓடிவர்ற பொண்ணுக்குக் கால் மடங்கினா யார் பதில் சொல்றது?”

மண்ணக்காவின் தரையை ஒருத்தர் சந்தேகப்பட்டார். இருபத்திரண்டு வருஷத்தில் இதுதான் முதல் தடவை. செக்ரட்டரி ஃபோனை எடுத்துவிட்டார்.

“ஒரு நிமிஷம்,” என்று சறுக்கு பையைத் திறந்து பழைய டென்னிஸ் ஷூவை வெளியே எடுத்தாள். இந்தக் கிளப்புக்கு வரும்போதெல்லாம் அது பையில் ஏறிக்கொள்ளும். எதற்கென்று அவளுக்கே தெரியாது.

“கண்ணு, வேணாம்! உனக்கு என்ன வயசாச்சு?” மண்ணக்கா பதறினாள்.

“உங்க தரைதானேக்கா, எனக்கென்ன பயம்?”

ஓடிவந்தாள். இடது காலை நீட்டினாள். ஒட்டுப் போட்ட இடத்தின் மேலேயே சர்ரென்று வழுக்கிக்கொண்டு போய், இல்லாத பந்தை இல்லாத மட்டையால் ஓங்கி அடித்துவிட்டு நின்றாள்.

நடுவர் குனிந்து பார்த்தார். மண் துளிகூடப் பெயரவில்லை. “நாலு மணிக்கு இங்கேயே,” என்றார்.

மண்ணக்கா அந்தத் தடத்தைக் கையால் அளந்தாள். “ஒண்ணரை முழம். அரை முழம் கொறஞ்சுபோச்சே!”

“கண்ணாடி கனக்குதுக்கா.”

தடத்தை அழிக்கும்போது மண்ணக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். மழையில் நனைந்தால் சளி பிடிக்கத்தான் செய்யும்.

நாலு மணிக்கு முதல் பந்து செம்மண்ணில் விழுந்தது. முன்வரிசையில் செக்ரட்டரி சாக்ஸோடு உட்கார்ந்திருந்தார். ஷூவில் ஒட்டியிருப்பது கிளப் மண் என்று மண்ணக்கா அதைக் கழற்றி வாங்கிச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

“இங்க சிமெண்ட் போடப் போறீங்களாமே?” சறுக்கு கேட்டது கமிட்டிக்காரர்கள் எல்லாருக்கும் கேட்டது.

“சேச்சே, யார் சொன்னது?”

“அப்ப பரிசு குடுக்குறப்ப மைக்ல சொல்லிடுங்க.”

சொன்னார். சாக்ஸோடுதான் சொன்னார்.

அன்று ஜெயித்தவள் பெயர் தங்க எழுத்தில் ஏறிவிட்டது. மண்ணக்காவைக் கேட்டால் வலது கால், குட்டித் தடம், மட்டையால் ஒரு கொத்துகூட இல்லை என்பாள். நல்ல பொண்ணாம்.