மேடம் கொடுத்த வெள்ளைத்தாள்

சுனாமிக்கு அடுத்த வருஷம், மரக்காணத்தில் உப்பளத்துக்குப் போகும் எங்களைப் போன்ற இளம்பெண்களுக்கு வாழ்க்கைப் பயிற்சி தர ஒரு மேடம் வந்தார். ஆளுக்கொரு வெள்ளைத்தாள் கொடுத்து, "உனக்கு என்ன வேணும்னு எழுதும்மா" என்றார்.

அதுவரை தாள் கொடுத்தவர்கள் எல்லாரும் நிவாரணத்துக்காகத்தான் கொடுத்தார்கள். அதனால் வழக்கம்போல் மேலே ரேஷன் கார்டு எண், அடுத்து வீட்டில் ஐந்து பேர், கீழே ஸ்டவ், பாய், குடம் என்று எழுதினேன். எல்லாருமே அப்படித்தான் எழுதியிருந்தோம்.

"இது இல்லம்மா. பத்து வருஷம் கழிச்சு நீ எப்படி இருக்கணும்? நல்லா யோசிச்சு எழுது" என்று தாளைத் திருப்பித் தந்தார். அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

யோசித்தேன். அலையில் போன தம்பியையும் சேர்த்து எண்ணியிருந்தது மட்டும் கண்ணில் பட்டது. ஐந்தை அடித்துவிட்டு நான்கு என்று எழுதிக் கொடுத்தேன்.