காயாத லக்கர்

மரியரட்ணத்துக்கு அன்று காலை உலகத்தின் மேலேயே கோபம். கிற்றாரின் கழுத்துப் பலகையில் பெருவிரலை மெல்ல வைத்தார். விரலோடு லக்கர் என்ற பளபளப்புப் பூச்சும் இழுபட்டு வந்தது. மூன்றாம் தரம். ஐந்து நாள் காயவிட்டும் பலாக்காய்ப் பால் போலப் பிசுபிசுத்தது.

பத்தொன்பது வருடம் மிசிசாகாவில் ஒரு கிடங்கில் பெட்டி தூக்கிய மனிதர். போன மாரியோடு அதை விட்டுவிட்டு, மல்வேர்னில் தன் வீட்டுக் கராஜில் வாத்தியம் திருத்த இறங்கியிருந்தார். சரிவராவிட்டால் கிடங்குக்கே திரும்புவது என்று தனக்குத் தானே ஒரு வருடத் தவணையும் வைத்திருந்தார். கோவில் பாடகர் குழுவின் கிற்றார்தான் முதல் பெரிய வேலை. வாற ஞாயிறு திருவிழா. பங்குச் சனம் முழுக்கப் பார்க்க அது விரலில் ஒட்டினால், பிறகு யார் இவரை நம்பி வாத்தியம் தருவார்கள்?

குழுத் தலைவர் சீமோனிடம் அவர் தலைகீழாக நின்று சொல்லிப் பார்த்தார். "றோஸ்வூட்டுக்கு லக்கர் வேண்டாம் அண்ணை. அது தன்ரை எண்ணெயிலேயே கிடக்கிற மரம். லேசிலை ஒட்டாது."

"வீடியோ எடுக்கினம். பளபளக்க வேணும்" என்றார் சீமோன். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

சரி, ஒட்டவைக்க வழி இருக்கிறது. அசிற்றோன் தோய்த்த துணியால் மரத்தின் எண்ணெயைத் துடைத்தெடுக்க வேண்டும். அதன்மேல் ஷெல்லாக் ஒரு பூச்சு. பிறகுதான் லக்கர். ஒவ்வொரு தரமும் அச்சொட்டாக அப்படித்தான் செய்தார். என்ன கோதாரியோ, காயவே இல்லை.

பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி சுரண்டி, மறுபடி துடைத்தார். மரம் காயும்வரை தேத்தண்ணி குடிக்க வீட்டுக்குள் போனார். திரும்பி வந்தால், கராஜில் மனைவி பேர்ணடெற். ஒரு கையில் சின்னப் போத்தல். மற்றக் கை விரல் பலகையில்.

"என்னப்பா செய்யிறாய்?"

"அந்தோனியார் கோவில் எண்ணெய். சிலுவை போடுறன். மிச்சத்தை வீணாக்கப்படாதெண்டு முழுக்கத் தேய்ச்சு விடுறன்."

"எத்தினை தரம்?"

"நீங்கள் துடைச்சுப்போட்டு உள்ளுக்கு வாற ஒவ்வொரு தரமும்."

மரியரட்ணத்துக்கு உச்சந்தலை கொதித்தது. "நான் எண்ணெய் எடுக்கச் சாகிறன், நீ எண்ணெய் வைக்கிறாய். பத்தொன்பது வருசம் கிடங்குக்குப் போனனான். ஒருநாளாவது என்ரை சப்பாத்துக்கு எண்ணெய் தடவினனியே?"

"இல்லை" என்றார் பேர்ணடெற். "அங்கை போய் நீங்கள் ஒருநாளும் சிரிச்சுக்கொண்டு வரேல்லை. அது நிலைக்க வேணுமெண்டு நான் ஏன் செபிக்க?"

 மரியரட்ணத்துக்கு எரிச்சல் இன்னும் ஏறியது. துணியில் அசிற்றோனை ஊற்றிப் பலகையை முதலிலிருந்து துடைத்தார்.

"இனிப் பூசுறதெண்டால் என்ரை தலையிலை பூசு. மரத்திலை தொடாதை."

பேர்ணடெற் அதை ஏச்சாக எடுக்கவில்லை. போத்தல் மூடியைத் திருகிக்கொண்டு கிட்ட வந்தார். மரியரட்ணம் கையில் எண்ணெய் படாதபடி இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு தலையைக் குனிந்தார்.